அம்மாவின் பழஞ்சீலையும் கனடாவிலிருந்து வந்த பெட்டியும்

சென்ற ஆண்டு மாரி தொடங்குவதற்கு இரண்டு கிழமை முன்னர், ஸ்காபரோவில் வாழும் என் தங்கை அனுப்பிய கப்பற்பொதி வீடு வந்து சேர்ந்தது. அம்மாவுக்கான காலுறைகளுக்கும் பிள்ளைகளுக்கான இனிப்புகளுக்கும் அடியில், துணி மென்மையாக்கி நிரம்பிய பெரிய போத்தல்கள் இரண்டும், அதே மணமுடைய மெல்லிய வெள்ளைத் தாள்கள் அடுக்கிய அட்டைப்பெட்டி ஒன்றும் இருந்தன. பெட்டியைத் திறந்ததும் அறையெங்கும் பரவிய மணம், தங்கை விடுமுறையில் வந்து நிற்கும்போது அவளுடைய உடுப்புகளிலிருந்து வரும் மணமாகவே இருந்தது. அவளே வந்து இறங்கியதுபோன்ற மகிழ்ச்சியில், மறுநாள் தோய்த்த எல்லாவற்றிலும் அளவு பாராமல் அந்தத் திரவத்தை ஊற்றினேன். அதனால் நேர்ந்ததையும், பின்னர் தேடி அறிந்துகொண்டதையும், இப்பொருள்களை வாங்கி வைத்திருக்கும் வன்னி வீடுகளுக்கும், அவற்றை அன்போடு அனுப்பும் வெளிநாட்டு உறவுகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அம்மா பாரிசவாதத்தால் படுக்கையில் விழுந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய கட்டிலில் மெத்தையின்மேல் படுக்கை விரிப்பும், அதன்மேல் இறப்பர் விரிப்பும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து நான்காக மடித்துத் தைத்த துணிகளும் இருக்கும். அந்தப் பழஞ்சீலைத் துணிகள்தான் ஈரத்தை உடனே உறிஞ்சி, அவருடைய உடம்பைக் காத்து வந்தன. மென்மையாக்கி ஊற்றத் தொடங்கி மூன்று நான்கு தோய்ச்சல் கழிந்ததும், சிறுநீர் துணியில் ஊறாமல் மேலாக ஓடி, இறப்பர் விரிப்பின் ஓரம் தாண்டி, மெத்தை வரைக்கும் இறங்கத் தொடங்கியது. துணியைத் தொட்டால் பூப்போல இருந்தது. ஆனால் அம்மா நனைந்து கிடந்தார். இடுப்பெலும்பின் அருகே தோல் சிவந்ததைக் கண்ட நாளில், படுக்கைப்புண் வந்துவிடுமோ என்ற பயத்தில் எனக்கு நித்திரையே வரவில்லை. காரணத்தை முதலில் சொன்னவர் அம்மாதான். திக்கித் திக்கிப் பேசும் அவர், ஒரு காலையில் அந்தத் துணியை விரல்களால் தடவிப் பார்த்துவிட்டு, “இந்தச் சீலை தண்ணி குடிக்குதில்லைப் பிள்ளை” என்றார்.

மனைப்பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவளான நான், அதன் பிறகுதான் கற்பித்தவளைப்போல நடந்துகொண்டேன். மென்மையாக்கி படாத பழைய துணி ஒன்றையும், படுக்கையில் விரித்த துணி ஒன்றையும் மேசையில் அருகருகே வைத்து, விரல் நுனியால் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். முதல் துணியில் சொட்டு விழுந்த கணத்திலேயே பரவி மறைந்தது. இரண்டாவதில் அது சேம்பிலைமேல் நிற்பதுபோல் உருண்டு நின்று, சற்று நேரம் கழித்துத் தயங்கித் தயங்கி இறங்கியது. உங்கள் வீட்டுத் துவாய்களிலும் இதைச் செய்து பாருங்கள். துவாய் ஈரத்தைத் துடைக்காமல் உடம்பில் வழுக்கிக்கொண்டு போகிறதென்றால் பெரும்பாலும் காரணம் இதுவே.

மென்மையாக்கி ஒரு சவர்க்காரம் என்றும், அது துணியைச் சுத்தமாக்குகிறது என்றும் எங்கள் பகுதியில் பலர் எண்ணுகிறார்கள். அது அழுக்கை நீக்குவதற்காகச் செய்யப்பட்ட பொருளே அன்று. அதன் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நேர்மின்னேற்றம் கொண்ட தலையும், கொழுப்பிலிருந்து வந்த நீண்ட வாலும் உண்டு. நீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் உடையது. ஆதலால் தலைப்பகுதி இழையில் ஒட்டிக்கொள்ள, கொழுப்பு வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. இப்படி இழைதோறும் பூசப்படும் மெல்லிய கொழுப்புப் படலத்தால் ஓர் இழை மற்றோர் இழையோடு உரசாமல் வழுக்குகிறது. நாம் மென்மை என்று உணர்வது இந்த வழுக்கலையே. உடுப்புகள் கசங்குவது குறைவதும், அழுத்தும்போது இஸ்திரிக்கைப்பெட்டி இலகுவாக ஓடுவதும், செயற்கை நூல் துணிகளில் நிலைமின்னேற்றம் தங்காதிருப்பதும் அதனால் வரும் பயன்களே. அதே கொழுப்புத்தான் தண்ணீரையும் தள்ளி நிறுத்துகிறது. அந்தப் பயன்களை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தத் தீங்கை விலக்கிவிட முடியாது. எனவே மென்மையாக்கியை ஊற்றுமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி, இந்தத் துணியின் வேலை தண்ணீரை உறிஞ்சுவதா என்பதாகும்.

உறிஞ்ச வேண்டிய துணிகளை எண்ணிப் பார்த்தால் அவை கொஞ்சமல்ல. குளிக்கும் துவாய், கைத்துவாய், குசினித் துணி, குழந்தைகளின் துணி அணையாடை, மாதவிடாய்க்குப் பயன்படுத்தும் துணி, நோயாளியின் விரிதுணி, சாப்பாட்டு மேசையைத் துடைக்கும் நுண்ணிழைத் துணி ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவற்றில் ஒரு சொட்டும் வேண்டாம் என்பதே என் முடிவு. பிறந்த குழந்தையின் துணிக்கு மணமூட்டுவது அன்பென்று நினைக்கும் தாய்மார்களிடம் இதை நான் மீண்டும் மீண்டும் சொல்லிவருகிறேன். உறிஞ்சாத அணையாடை குழந்தையின் தோலில் ஈரத்தைத் தேக்கி வைக்கும். வாசனைப் பொருள்களோ தோல் ஒவ்வாமைக்குப் பொதுவாக அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று. கரப்பன் உள்ள பிள்ளைகளுக்கும், இழுப்பு நோய் (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கும், அவர்கள் உடுக்கும் உடுப்பிலும் படுக்கும் தலையணை உறையிலும் இதைத் தவிர்ப்பது நல்லது.

விளையாட்டு உடுப்புகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. கிளிநொச்சியிலுள்ள ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும், என்னிடம் முன்னர் படித்த அயல்வீட்டுப் பிள்ளை ஒருத்திதான் அதைச் சொல்லித் தந்தாள். வெளிநாடுகளுக்குப் போகும் விளையாட்டு உடுப்புகளைத் தைக்கும் அவள், உள்ளே தைக்கப்படும் பராமரிப்புச் சிட்டையைக் காட்டி, “மென்மையாக்கி போடக்கூடாது எண்டு இதில கிடக்கு ரீச்சர்” என்றாள். வியர்வையைத் தோலிலிருந்து இழுத்து வெளிப்புறத்துக்குக் கடத்தி உலர விடுவதற்கென்றே நெய்த துணி அது. கொழுப்புப் படலம் பூசினால் அந்தக் கடத்தல் தடைப்படுகிறது. வியர்வை நாற்றமும் படலத்தோடு சேர்ந்து தங்கிவிடுகிறது. எங்கள் மண்ணில் எங்கள் பிள்ளைகள் தைக்கும் உடுப்பின் சிட்டையை நாங்களே வாசிக்காமல் விட்டிருந்தோம் என்பது எனக்கு உறுத்தியது. அன்றிலிருந்து எந்த உடுப்பைத் தோய்க்கும்போதும் முதலில் அந்தச் சிட்டையைப் பார்க்கிறேன்.

பாடசாலை வெள்ளைச் சீருடைகளுக்கும் நான் இதைப் போடுவதில்லை. எங்கள் ஒழுங்கையின் கிரவற் புழுதி சோளகக் காற்றில் எழும்பி, பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்ச் சேருமுன் சட்டைக் கழுத்தில் செந்நிறமாகப் படிந்துவிடுகிறது. தோய்ச்சலுக்குத் தோய்ச்சல் படலம் சேர்ந்த வெள்ளைத் துணி அந்த அழுக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, நாளடைவில் மங்கிப் போகிறது. சீருடைக்குச் சவர்க்காரம், நல்ல அலசல், வெயில் ஆகிய மூன்றும் போதும். விரும்பினால் கடைசித் தண்ணீரில் சிறிது நீலம் சேர்க்கலாம். என் அம்மம்மா காலத்தில் வெள்ளைச் சேலைக்கும் வேட்டிக்கும் சோற்றுக் கஞ்சி போட்டு விறைப்பாக்கியே உடுத்தினார்கள் என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன். அன்று விறைப்பே துப்புரவின் அடையாளமாக இருந்தது.

இனி, எப்போது ஊற்றுவது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். சவர்க்காரமும் சவர்க்காரத்தூளும் எதிர்மின்னேற்றம் உடையவை. எண்ணெயையும் எரிசோடாவையும் சேர்த்துச் செய்யும் சாதாரணக் கட்டிச் சவர்க்காரமும் அப்படியே. (அந்த எரிசோடாவை எங்கள் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் ஒரு காலத்தில் உற்பத்தி செய்தார்கள் என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.) மென்மையாக்கியோ நேர்மின்னேற்றம் உடையது. இரண்டும் ஒரே தண்ணீரில் சந்தித்தால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பிசுபிசுப்பான கசடாக மாறுகின்றன. அப்போது சவர்க்காரம் அழுக்கை நீக்காது. மென்மையாக்கி துணியை மென்மையாக்காது. கசடு மட்டும் துணியில் ஒட்டும். ஆகவே நுரை முழுவதும் போன பிறகு, கடைசி அலசல் தண்ணீரில் மட்டுமே மென்மையாக்கியைச் சேர்க்க வேண்டும்.

முழுத் தானியங்கி இயந்திரங்களில், பூ அடையாளமிட்ட தனி அறை இதற்கென்றே வைக்கப்பட்டிருக்கிறது. இயந்திரம் தானாகவே கடைசி அலசலின்போது அதைத் திறந்து விடும். எங்கள் வீட்டில் உள்ளதுபோன்ற இரட்டைத் தொட்டி இயந்திரத்தில் அந்த வசதி இல்லாததால், நாம்தான் காத்திருந்து சேர்க்க வேண்டும். நான் இரண்டு முறை வெறுந்தண்ணீரில் அலசி, இரண்டாவது தண்ணீரில் நுரை தெரியவில்லையென்று உறுதி செய்த பின்னர், வாளித் தண்ணீரில் மென்மையாக்கியைக் கலக்கி, துணிகளை அதில் ஐந்து நிமிடம் ஊற விட்டுச் சுழற்றித் தொட்டிக்கு மாற்றுகிறேன். போத்தலிலிருந்து நேரே துணிமேல் ஊற்றுவது பெருந்தவறு. எண்ணெய் பட்டதுபோன்ற கறை விழும். விழுந்துவிட்டால் அவ்விடத்தை இளஞ்சூட்டு நீரில் நனைத்து, கட்டிச் சவர்க்காரத்தால் தேய்த்து, மறுபடி தோய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

அளவைப் பொறுத்தவரை, போத்தல் மூடியில் குறித்திருக்கும் அளவின் பாதியில் நான் தொடங்கினேன். அதுவே போதுமாக இருந்ததால் அங்கேயே நின்றுவிட்டேன். செறிவூட்டிய திரவங்கள் இப்போது அதிகம் விற்கப்படுகின்றன. பழைய போத்தலுக்குப் பழகிய கையால் அவற்றை ஊற்றினால் இரண்டு மூன்று மடங்காகிவிடும் என்பதால், புதிய போத்தல் வாங்கும்போதெல்லாம் அளவைப் புதிதாகப் பார்க்க வேண்டும். இயந்திரத்தில் மென்மையாக்கி அறை இருந்தால், மாதம் ஒருமுறை அதைக் கழற்றி இளஞ்சூட்டு நீரில் கழுவுங்கள். அங்கே தேங்கும் பசையில்தான் கறுத்த பூஞ்சணம் பிடிக்கிறது.

துணி விறைப்பதனால்தானே இதையெல்லாம் தேடுகிறோம், அந்த விறைப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தபோது, எங்கள் வீட்டில் அதற்கு மூன்று காரணங்கள் இருப்பதைக் கண்டேன். முதலாவது எங்கள் கிணற்றின் வன்னீர், அதாவது கடின நீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து, கரையாத படிவாகத் துணியில் தங்குகின்றன. இரண்டாவது, நுரை வரவில்லையே என்று நாங்கள் அள்ளிப் போடும் தூள். அது முழுவதும் அலசப்படாமல் இழைகளுக்குள் நின்று காய்ந்து விறைக்கிறது. தூளைக் குறைத்து ஒரு தண்ணீர் கூடுதலாக அலசியபோதே எங்கள் துவாய்களின் சொரசொரப்பில் பாதி போய்விட்டது. கடைசி அலசலில் கால் கோப்பை வெள்ளை வினாகிரி சேர்ப்பதும் வன்னீரின் படிவைக் கரைக்க உதவுகிறது. அதன் புளித்த மணம் துணி காயும்போது போய்விடும். ஆனால் வினாகிரியைக் குளோரீன் வெளிற்றியோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு எழும். கிணற்றடியிலும் குளியலறையிலும் வெளிற்றிப் போத்தல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் வீடுகளில் இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும். வினாகிரியை ஒவ்வொரு நாளும் ஊற்றினால் இயந்திரத்தின் இறப்பர்ப் பாகங்கள் கெடக்கூடும் என்பதால், மாதத்தில் இரண்டொரு முறையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாவது காரணம் என்னை வியக்க வைத்தது. நல்ல தண்ணீரில் அலசிய பருத்தித் துணியும் அசைவற்ற இடத்தில் காய்ந்தால் விறைக்கிறது அல்லவா? துணி காய்ந்துவிட்டதென்று நாம் நினைக்கும்போதும் இழைகளின் மேற்பரப்பில் மிகச் சிறிதளவு நீர் பிணைந்து நிற்கிறதென்றும், அந்த நீரே ஐதரசன் பிணைப்புகளால் இழையை இழையோடு பசைபோல் ஒட்டிவைக்கிறதென்றும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். இதை வாசித்தபோது, கிணற்றடியில் அம்மா துணி காயப்போட்ட விதம் கண்முன் வந்தது. பிழிந்த துணியின் இரு முனைகளையும் பிடித்து, பட் பட்டென்று ஓசை எழ இரண்டு மூன்று தரம் உதறித்தான் கொடியில் விரிப்பார். காய்ந்து எடுக்கும்போதும் ஒரு தரம் உதறுவார். “உதறாமப் போட்டா உடுப்பு மட்டை மாதிரி நிக்கும்” என்று சிறுவயதில் என்னைக் கண்டித்திருக்கிறார். பிணைந்துவிட்ட இழைகளை அந்த உதறல் பிரித்துவிடுகிறது. காற்றில் ஆடிக்கொண்டே காயும் துணி, காற்றில்லாத அறைக்குள் காயும் துணியைவிட மெத்தென்று இருப்பதும் இதனால்தான். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் வீசும் வன்னியில், கொடியைக் காற்றுக்குக் குறுக்காகக் கட்டி, துணிகளை நெருக்காமல் போட்டால் மென்மையாக்கியின் வேலையில் பெரும்பகுதியைக் காற்றே செய்துவிடும். புழுதி எழும் ஒழுங்கைப் பக்கமாக அல்லாமல், வீட்டின் பின்வளவில் கொடி கட்டுவது நல்லது. நிறமுள்ள உடுப்புகளை உட்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட வேண்டும்.

மாரியில் நிலைமை வேறு. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை தொடர்ந்து பெய்யும் மழையில், விறாந்தையில் தொங்கும் துணிகள் இரண்டு நாளானாலும் ஈரம் விடாமல் நாறத் தொடங்கும். அந்த நாற்றத்தை மறைப்பதற்காகவே எங்கள் ஊரில் பலர் மென்மையாக்கியை வாங்குகிறார்கள். நாற்றத்தை உண்டாக்குவது ஈரத்தில் பெருகும் பற்றீரியாக்கள். வாசனை அவற்றைக் கொல்வதில்லை. துணி மறுபடி நனைந்ததும் நாற்றம் திரும்பி வருகிறது. சுழற்றித் தொட்டியில் இரண்டு முறை சுழற்றுவதும், ஒரு கொடியில் ஐந்து உடுப்புப் போடும் இடத்தில் மூன்று போடுவதும், மின்விசிறியைத் துணிகளின் பக்கம் திருப்புவதும், அரைகுறையாகக் காய்ந்ததைச் சூடான இஸ்திரிக்கைப்பெட்டியால் அழுத்தி முடிப்பதும் உண்மையான பரிகாரங்கள். வெயில் எறிக்கும் ஒரு மணித்தியாலத்தைக்கூட வீணாக்காமல் துணிகளை வெளியே கொண்டு ஓடுவதை எந்த வன்னிப் பெண்ணுக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நுளம்பு வலையைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். மலேரியாவால் மிகவும் துன்பப்பட்ட மண் இது. 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்ததில், மருந்தூட்டிய வலைகளுக்கும் பங்குண்டு. அத்தகைய வலைகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றைக் குளிர்ந்த நீரில் மென்மையான கட்டிச் சவர்க்காரத்தால் மட்டும் மெதுவாகக் கழுவி, வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்த வேண்டும். ஏறத்தாழ 20 தோய்ச்சல்களுக்குத் தாங்கும்படியே அவற்றில் மருந்து ஏற்றப்படுகிறது. எனவே அடிக்கடி தோய்ப்பதும், வெளிற்றி போடுவதும், மணத்துக்காக மென்மையாக்கி ஊற்றுவதும் வேண்டாம். அதேபோல, வாசனைத் தாளைத் தொட்டிலில் கட்டினால் நுளம்பு வராது என்று எங்கோ கேள்விப்பட்டுச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டெங்குக் காலத்தில் குழந்தையை அந்த நம்பிக்கையில் விடாதீர்கள், வலையைக் கட்டுங்கள்.

அந்தத் தாள்கள் எதற்காக இருக்கின்றன என்பதைத் தங்கையிடம் கேட்டே தெளிந்துகொண்டேன். அவள் அவற்றை டிரையர் ஷீட் என்கிறாள். உலர்த்தித் தாள் என்று நான் எழுதுகிறேன். செயற்கை இழையால் நெய்யாமல் ஒட்டிச் செய்த தாளில், மெழுகுபோல் உறைந்த மென்மையாக்கி பூசப்பட்டிருக்கிறது. மின் உலர்த்தியின் உருளை சூடேறிச் சுழலும்போது அது உருகி, துணிகளோடு உரசி உரசி அவற்றில் பரவுகிறது. 1960களின் பிற்பகுதியில் கொன்ராட் கெய்சர் என்ற அமெரிக்கர் இதைக் கண்டுபிடித்தார். கடைசி அலசல் வரும்வரை காத்திருந்து மென்மையாக்கி ஊற்றும் தொல்லையிலிருந்து விடுபடுவதே அதன் நோக்கமாக இருந்தது. கனடாவின் குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளே காற்று மிகவும் வறண்டிருக்கும். பொலியெஸ்டர் உடுப்புகள் உலர்த்தியில் ஒன்றோடொன்று உரசும்போது நிலைமின்னேற்றம் ஏறி, எடுக்கும்போது சடசடவென்று பொரிந்து, காலுறை சட்டையோடு ஒட்டிக்கொண்டு வரும். அங்கே அந்தத் தாளுக்கு ஒரு வேலை இருக்கிறது. கொடியில் காற்றில் காயும் எங்கள் துணிகளில் அந்த உரசலும் இல்லை, அந்த வறட்சியும் இல்லை. சூடும் சுழற்சியும் இல்லாமல் தாளிலுள்ள பூச்சு துணிக்கு மாறாது. வாளித் தண்ணீரில் தாளை ஊறப்போட்டு நான் பார்த்தேன். தண்ணீர் மணத்தது, துணியில் ஒரு மாற்றமும் இல்லை.

உலர்த்தி வைத்திருக்கும் உறவுகளுக்கும் சில செய்திகள் உண்டு. தங்கை ஒவ்வொரு முறையும் ஒரு முழுத் தாளைப் போட்டுவந்தாள். சிறிய அளவு துணிகளுக்குப் பாதித் தாள் போதும் என்று இப்போது அவளே சொல்கிறாள். பருத்தித் துணிகளை மட்டும் உலர்த்தும்போது அதுவும் தேவையில்லை. செயற்கை நூல் உடுப்புகளைப் பிரித்து உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே வெளியே எடுத்துவிட்டால் நிலைமின்னேற்றமே குறைந்துவிடும். தாளிலுள்ள மெழுகு, உலர்த்தியின் பஞ்சு வடியிலும் ஈரத்தை அறியும் உலோகப் பட்டைகளிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. பட்டைகளில் படிந்தால் இயந்திரம் ஈரத்தைச் சரியாக அறியாது. வடியில் படிந்தால் காற்று போகாது. வடியைத் தண்ணீர்க் குழாயின்கீழ் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி நின்றால் அது அடைபட்டிருக்கிறது என்று பொருள். இளஞ்சூட்டு நீரிலும் சவர்க்காரத்திலும் மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே அதைத் திரும்பப் பொருத்த வேண்டும். பஞ்சை ஒவ்வொரு தடவையும் அகற்ற வேண்டும் என்பதை நான் தங்கையிடம் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். உலர்த்திகளில் தீப்பிடிப்பதற்கு முதன்மையான காரணம், அவற்றைச் சுத்தம் செய்யாமல் விடுவதுதான்.

தீயைப் பற்றிப் பேசுவதால் இதையும் சேர்க்கிறேன். எளிதில் தீப்பற்றாதபடி செய்யப்பட்டு வெளிநாடுகளில் விற்கப்படும் குழந்தைகளின் இரவுடைகளில், திரவமோ தாளோ எதையும் பயன்படுத்தக் கூடாது. அந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும். பஞ்சு எழும்பிய பருத்தித் துணிகளும் கொழுப்புப் படலம் ஏறினால் இன்னும் எளிதில் தீப்பற்றும். விறகடுப்பில் சமைக்கும் வீடுகளில் அடுப்பங்கரைத் துணிகளை மென்மையாக்கிக்குக் கொண்டுபோகாமல் விடுவதற்கு, உறிஞ்சும் தன்மையோடு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவும் எழுதியதால் மென்மையாக்கியை நான் முற்றாக விலக்கிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அம்மாவின் படுக்கை விரிப்புக்கும், தலையணை உறைக்கும், அவர் உடுத்தும் பருத்திச் சட்டைகளுக்கும் இன்றும் பாதி மூடி ஊற்றுகிறேன். முதியவர்களின் தோல் கடதாசிபோல் மெலிந்திருக்கும். புரட்டிப் படுக்க வைக்கும்போது உரசல் குறைவாக இருப்பது அவருக்கு ஆறுதலாக இருக்கிறது. பொலியெஸ்டர் சேலைகளுக்கும், கடினமான காற்சட்டைத் துணிகளுக்கும் எப்போதாவது சேர்ப்பேன். பட்டுக்குச் சேர்ப்பதில்லை. ஒரே கட்டிலில் விரிக்கும் துணிகளில் ஒன்றுக்கு மென்மையும், மற்றொன்றுக்கு உறிஞ்சலும் வேண்டியிருப்பதால், தோய்க்கும்போது கலந்துவிடாதபடி, உறிஞ்ச வேண்டிய பழஞ்சீலை விரிதுணிகளின் மூலையில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு வைத்திருக்கிறேன்.

படலம் ஏறிவிட்ட விரிதுணிகளை மீட்க எனக்கு நான்கு தோய்ச்சல்கள் தேவைப்பட்டன. துணி தாங்கக்கூடிய சூடான தண்ணீரில், வழமையான தூளோடு சலவைச் சோடா ஒரு கைப்பிடி கரைத்து, அரை மணித்தியாலம் ஊற வைத்து, நன்றாகக் கசக்கி, தண்ணீர் தெளியும்வரை அலசினேன். முதல் தண்ணீர் வழுவழுப்பாக வந்தது. ஒவ்வொரு தோய்ச்சலுக்குப் பிறகும் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். நான்காம் முறை அது நின்று பார்க்கவில்லை, விழுந்ததும் மறைந்தது. அம்மாவின் இடுப்பிலிருந்த சிவப்பு அந்தக் கிழமையிலேயே வெளிறத் தொடங்கியது.

தோய்த்த தண்ணீர் எங்கே போகிறதென்பதையும் கவனிக்க வேண்டும். முன்னைய மென்மையாக்கிகளிலிருந்த பொருள்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாததால், 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் அவற்றைக் கைவிட்டு, விரைவாகச் சிதையும் எஸ்டர்குவாட் வகைகளுக்கு மாறினார்கள். இருந்தாலும் இவ்வகைப் பொருள்கள் நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கானவை. குளத்திலோ வாய்க்காலிலோ உடுப்புத் தோய்ப்பவர்கள் அங்கே மென்மையாக்கியை ஊற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் சவர்க்காரத் தண்ணீர் வாழையடிக்குப் போகும் பழக்கம் உண்டு. மென்மையாக்கி கலந்த தண்ணீரை மட்டும் கிணற்றிலிருந்து விலக்கி, வேலியோரக் குழிக்கு விடுகிறேன்.

மிஞ்சிய உலர்த்தித் தாள்களை என்ன செய்வதென்று கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சேலை அடுக்கில் வைத்தால் மணக்கும் என்பது உண்மை. ஆனால் பூச்சு பட்டுத்துணியில் எண்ணெய்க் கறையாக இறங்கக்கூடும் என்பதால், நான் அவற்றை வெறுமையாகக் கிடக்கும் பயணப் பெட்டிகளுக்குள் வைத்திருக்கிறேன். மீதியைத் தங்கை அடுத்த முறை வரும்போது திருப்பிக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பங்குனியில் அவள் தொலைபேசியில், “அடுத்த பொதியில என்ன அனுப்ப, அக்கா?” என்று கேட்டாள். உடுத்து உடுத்து நைந்த பருத்திச் சேலைகள் இருந்தால் அனுப்பு என்றேன். மூன்று வந்தன. அவற்றில் ஒன்று, அவள் இங்கிருந்து புறப்பட்டபோது உடுத்திருந்த நூற்சேலை. அதை அளந்து கிழித்து, நான்காக மடித்து, மூலையில் சிவப்பு நூல் போட்டுத் தைத்து, வெறுந்தண்ணீரில் அலசி, கொடியில் உதறிப் போட்டேன். அன்றிரவு அம்மாவின் கீழே விரித்தபோது, அவர் கரையைத் தடவிப் பார்த்து, அது யாருடைய சேலை என்று தானாகவே சொன்னார்.